1960களின் ராக் புகைப்படங்கள்: கண்காட்சியில் எதைப் பார்ப்பது, வாங்கும்முன் எதைக் கேட்பது

கேள்வி: 1960களின் ராக் இசைக்கலைஞர்களைப் பற்றிய புகைப்படக் கண்காட்சி ஒன்றுக்குப் போகப்போகிறேன். பாட்டுகள் தெரியும், புகைப்படக்கலை அவ்வளவாகத் தெரியாது. படத்துக்குப் பக்கத்தில் ‘ஜெலட்டின் சில்வர், பிற்காலப் பிரிண்ட், 12/50’ என்றெல்லாம் எழுதியிருக்கிறார்களே, அதற்கு என்ன பொருள்? ஒன்று வாங்க நினைத்தால் ஏமாறாமல் இருப்பது எப்படி?

பதில்:

படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தச் சின்ன அட்டையைப் படியுங்கள். அட்டையில் பாடகர் பெயரையும் ஊரையும் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவதுதான் வழக்கம். ஒழுங்காக எழுதிய அட்டையில் இரண்டு வருடங்கள் இருக்கும். ஒன்று படம் எடுத்த வருடம், மற்றது பிரிண்ட் போட்ட வருடம். ‘1967, பிரிண்ட் 2005’ என்றிருந்தால் நெகட்டிவ் 1967இல் பதிவானது, உங்கள் முன் இருக்கும் காகிதம் 38 வருடம் கழித்து வந்தது. ஒரே ஒரு வருடம் மட்டும் போட்டிருந்தால் அது எந்த வருடம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விலை பேசும்போது வரும் குழப்பத்தில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

படம் எடுத்த சில வருடங்களுக்குள், சுமாராக ஐந்து வருடத்துக்குள், போட்ட பிரிண்டை ‘விண்டேஜ்’ என்கிறார்கள், அதற்குப் பிறகு போட்டது ‘பிற்காலப் பிரிண்ட்’. இசைப் படங்களில் விண்டேஜ் அரிது. காரணம் எளிது: அந்தப் படங்களைச் சுவரில் மாட்டவேண்டும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. பத்திரிகைக்கும் இசைத்தட்டு நிறுவனத்துக்கும் விளம்பரத் துறைக்கும்தான் பிரிண்ட் போனது. அளவு பெரும்பாலும் 8×10 அங்குலம். அச்சுக்கான பிளாக் எடுத்து முடிந்ததும் மேசை இழுப்பறைக்கோ குப்பைக்கோ போய்ச் சேர்ந்தது. அதனால் உண்மையான அறுபதுகளின் பிரிண்ட் சின்னதாக, மூலை மடங்கி, பின்பக்கம் ரப்பர் ஸ்டாம்ப், தேதி, ஒட்டிய குறிப்புத் தாள், எந்த இடத்தில் வெட்டவேண்டும் என்ற மெழுகுப் பென்சில் கோடு எல்லாவற்றோடும் இருக்கும். சில பத்திரிகைப் பிரிண்டுகளில் முகத்தைச் சுற்றி வெள்ளை, சாம்பல் பெயிண்டால் தீட்டியிருப்பார்கள். அச்சில் ஆள் பின்னணியோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. தந்தி வழியாக வந்த படமென்றால் மெல்லிய கோடுகள் தெரியும். நல்ல கண்காட்சியில் இவற்றின் பின்பக்கத்தையும் கண்ணாடிப் பெட்டியில் காட்டுவார்கள். பெரிதாக, பளபளவென்று பழுதே இல்லாமல் தொங்குவதை ‘விண்டேஜ்’ என்று சொன்னால் சந்தேகப்படலாம்.

அடுத்து, படம் எப்படிப் பதிவானது என்பது. இது தெரியாமல் இந்தப் படங்களைப் பார்த்தால் ‘ஏன் இவ்வளவு இருட்டு, ஏன் இவ்வளவு புள்ளி’ என்றுதான் தோன்றும்.

கறுப்பு-வெள்ளைக்குக் கோடாக் ட்ரை-எக்ஸ் ஃபிலிம்தான் அன்றைய அன்றாடச் சோறு. இங்கிலாந்தில் இல்ஃபோர்ட் ஹெச்பி3, 1965க்குப் பிறகு ஹெச்பி4. ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 400 ஏஎஸ்ஏ. வெள்ளை ஸ்பாட்லைட் ஒருவர்மேல் விழும் மேடையில் இந்த ஃபிலிமுக்கு எஃப் 2 அப்பெர்ச்சரில் (லென்ஸின் ஒளித் திறப்பு; எண் கூடக்கூடத் திறப்பு சிறிதாகும்) நொடியில் 60இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். அந்த வேகத்தில் முகம் நிற்கும், கிட்டாரில் ஓடும் கை நிற்காது. கையைப் பிடித்து நிறுத்த 250இல் ஒரு பங்காவது வேண்டும், அதாவது நான்கு மடங்கு ஒளி. அது இல்லை. அதனால் ஃபிலிமை 800 அல்லது 1600 என்று வைத்துக்கொண்டு எடுத்து, கழுவும்போது டெவலப்பரில் அதிக நேரம் வைத்தார்கள். ஒரு ஸ்டாப் (அதாவது வேகத்தை இரண்டு மடங்காக) ஏற்ற, டி-76 டெவலப்பரில் வழக்கமான நேரத்தைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கூடுதலாகத் தேவைப்படும். அக்யூஃபைன் என்ற டெவலப்பரும் இந்த வேலைக்குப் பேர்போனது.

கூடுதலாகக் கழுவினால் ஃபிலிமின் உணர்திறன் கூடிவிடுவதாக நினைக்க வேண்டாம். ஒளியே விழாத நிழலில் ஒன்றும் பதிவாகியிருக்காது, எத்தனை நிமிடம் ஊறவைத்தாலும் அங்கிருந்து ஒன்றும் வராது. வெளிச்சம் விழுந்த நெற்றி, மூக்கு, வெள்ளைச் சட்டை ஆகியவைதான் நெகட்டிவில் மேலும் மேலும் கனக்கும். விளைவு: கரிய பின்னணியில் வெளுத்துத் தெரியும் முகம், பெரிய கிரெய்ன் (படமெங்கும் தெரியும் வெள்ளித் துகள் புள்ளிகள்). பலரும் ‘அறுபதுகளின் பாணி’ என்று ரசிப்பதில் கணிசமான பகுதி இந்த ரசாயனக் கணக்குதான். ஆகவே, பின்னால் இருக்கும் டிரம்ஸ், திரை எல்லாம் தெளிவாகத் தெரியும்படி நிழல்களைத் தூக்கிக் காட்டும் புதிய பிரிண்ட் ஒன்றைப் பார்த்தால், ஸ்கேன் செய்தவர் நெகட்டிவில் இருந்ததைவிட அதிகம் கேட்டிருக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம். அப்படிப்பட்ட பிரிண்டில் கறுப்பு, கறுப்பாக இராது. சேறுபோல இருக்கும்.

கேமராவும் படத்தின் தோற்றத்தில் தெரியும். இசைப் புகைப்படக்காரர் ஜிம் மார்ஷல் லைக்கா கேமராவை வைத்துக்கொண்டு வேலை செய்தவர். லைக்காவில் கண்ணாடி மேலெழும்பும் பொறி கிடையாது. ஷட்டர் அழுத்தும் கணத்தில் கண் முன் இருட்டாகாது, சத்தமும் குறைவு. அகன்ற லென்ஸோடு அலங்கார அறைக்குள் இரண்டடி தூரத்தில் நிற்கலாம். 1966 ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸ் கடைசியாகக் கட்டணக் கச்சேரி செய்தபோது மேடைக்குப் பின்னால் போகும் அனுமதி அவரிடம் இருந்தது. 1969இல் உட்ஸ்டாக் இசைவிழாவிலும் அவர் இருந்தார். தூரத்தை நெருக்கிக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் வேண்டியவர்கள் 1959இல் வந்த நிக்கான் எஃப் கேமரா பக்கம் போனார்கள். ஸ்டுடியோவிலும் இசைத்தட்டு உறைக்கும் ஹாசல்பிளாட் கேமரா: உறையே சதுரம், நெகட்டிவும் சதுரம். கண்காட்சியில் சதுரப் படத்தைக் கண்டால் ‘இது உறைக்காக அல்லது நிதானமாக எடுத்த உருவப்படம்’ என்று முதலில் ஊகிக்கலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும். பாரிஸ் ஜார்ஜ் சின்க் ஹோட்டலில் 1964 ஜனவரியில் பீட்டில்ஸ் தலையணையால் அடித்துக்கொள்ளும் படத்தை ஹாரி பென்சன் எடுத்தது ரோலைஃப்ளெக்ஸில். இடுப்புயரத்தில் வைத்துக் குனிந்து பார்க்கும் கேமரா அது. படுக்கைமேல் குதிப்பவர்களை அதில் பிடிப்பதற்குத் தனி நிதானம் வேண்டும்.

இந்த நெருக்கம் இன்றைக்கு ஏன் இல்லை என்று கேட்கலாம். 1980களில் பரவிய ‘முதல் மூன்று பாட்டு மட்டும், ஃப்ளாஷ் கூடாது’ என்ற விதி அன்று இல்லை. 1967 ஜூன் 18 இரவு மான்டெரே இசைவிழாவில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாருக்குத் தீ வைத்ததை, மேடை விளிம்பை ஒட்டி ஒரு நாற்காலியின்மேல் நின்று எடுத்தவர் எட் கராஃப். அப்போது வயது 17, பள்ளி மாணவர். ரோலில் கடைசி ஃபிரேம். அந்தப் படம் கறுப்பு-வெள்ளை. வண்ணத்தில் பார்த்தீர்களென்றால் அது பின்னால் சேர்த்த வண்ணம். அன்றிரவு ஜிம் மார்ஷலும் அங்கே எடுத்தார். ஆகவே ‘மான்டெரே, ஹெண்ட்ரிக்ஸ், தீ’ என்று மட்டும் சொல்லி விற்றால் யாருடைய படம், எந்த ஃபிரேம் என்று கேட்பது அவசியம்.

வண்ணப் படங்களின் கதை வேறு. கோடாக்ரோம் II வெறும் 25 ஏஎஸ்ஏ, கோடாக்ரோம்-எக்ஸ் 64. உள்ளரங்குக்கு ஹை ஸ்பீடு எக்டாக்ரோம், 160. அதனால்தான் அக்காலத்து வண்ணப் படங்களில் பெரும்பகுதி வெளியில், பகலில், நிதானமாக நிற்கவைத்து எடுத்தவை. இருட்டில் பாதுகாத்த கோடாக்ரோம் ஸ்லைடு இன்றும் நிறம் மாறாமல் இருக்கும். அதே வருடத்து எக்டாக்ரோம் ஸ்லைடுகள் பலவும் இளஞ்சிவப்பாகிக் கிடக்கின்றன. அந்தக் காலத்து வண்ணப் பிரிண்டுகளில் சாயங்கள் ஒரே வேகத்தில் மங்குவதில்லை என்பதால் முகங்கள் செங்கல் நிறத்துக்குப் போய்விடும். வண்ணப் படத்துக்கு இன்று புது பிரிண்ட் போட்டு மாட்டுவதைக் குறையாக நினைக்க வேண்டாம், பல நேரம் வேறு வழியில்லை.

உறைப் படங்களின் முன்னால் கொஞ்சம் அதிக நேரம் நில்லுங்கள். அங்கே ‘பிழை’ என்று தெரிவது பெரும்பாலும் செய்முறை. 1963 ஆகஸ்டில் போர்ன்மத் ஹோட்டல் ஒன்றில் ராபர்ட் ஃப்ரீமன் எடுத்த, பாதி முகம் இருளில் இருக்கும் பீட்டில்ஸ் படத்தில் ஸ்டுடியோ விளக்கே இல்லை. பக்கத்து ஜன்னல் ஒளி, பின்னால் கருஞ்சிவப்புத் திரை. டெலிஃபோட்டோ லென்ஸ் என்பதால் முன்னால் இருப்பவர் தலையும் பின்னால் இருப்பவர் தலையும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்திருக்கின்றன. அதே ஃப்ரீமன் 1965இல் எடுத்த ‘ரப்பர் சோல்’ படத்தில் முகங்கள் நீண்டிருப்பதற்கு லென்ஸ் காரணமில்லை. ஸ்லைடை உறை அளவு அட்டையில் காட்டிக்கொண்டிருந்தபோது அட்டை பின்பக்கம் சாய்ந்தது, உருவம் நீண்டது, குழுவுக்குப் பிடித்துப்போனது. ஆகவே அசல் ஸ்லைடிலிருந்து நேராகப் போட்ட பிரிண்டில் அந்த நீட்சி இருக்காது.

1966 நவம்பரில் லண்டன் பிரிம்ரோஸ் ஹில்லில் ரோலிங் ஸ்டோன்ஸைச் சுற்றித் தெரியும் மங்கலான வளையம், கெரெட் மான்கோவிட்ஸ் கறுப்பு அட்டை, கண்ணாடி, வாசலின் மூன்றையும் சேர்த்துத் தானே செய்த ஃபில்டர். ஃபிலிமிலேயே பதிந்தது அது, இருட்டறை வேலை அல்ல. 1965இல் டேனியல் க்ரேமர் பாப் டிலனை எடுத்தபோது நடுப்பகுதி அசையாமலும் ஓரம் வட்டமாகச் சுழல்வதுபோலவும் வர ஒரு தனி அமைப்பையே செய்தார். மறுவருடம் ஜெர்ரி ஷாட்ஸ்பெர்க் எடுத்த டிலன் படம் கலங்கியிருப்பதற்குப் பெரிய தத்துவம் தேட வேண்டாம். நியூயார்க் குளிர், எடுத்தவரும் நின்றவரும் நடுங்கினார்கள். கலங்காத ஃபிரேம்கள் இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்ததுதான் கவனிக்கவேண்டியது.

1969 ஆகஸ்ட் 8 காலை லண்டன் ஆபி ரோட்டில் பீட்டில்ஸ் சாலையைக் கடப்பதை இயன் மக்மில்லன் ஏணிமேல் நின்று, போலீஸ்காரர் வண்டிகளை நிறுத்தித் தர, ஹாசல்பிளாடில் 50 மிமீ லென்ஸோடு ஆறே ஃபிரேம் எடுத்தார். ஐந்தாவது உறைக்குப் போனது, நான்கு பேர் கால்களும் ஒரே சீராக விரிந்திருப்பது அதில்தான். இந்தப் படத்துக்கு ‘எஃப் 22, 500இல் ஒரு பங்கு’ என்ற அளவு எங்கும் ஓதப்படுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முழு வெயிலில் எஃப் 16 வைத்தால் ஷட்டர் வேகம் ஃபிலிமின் ஏஎஸ்ஏ எண்ணுக்குச் சமம். எஃப் 22இல் 500 வேண்டுமென்றால் ஃபிலிம் 1000 ஏஎஸ்ஏ இருக்கவேண்டும். கோடாக்கின் வேகமான எக்டாக்ரோமே 160தான். 64 ஏஎஸ்ஏ ஃபிலிமில் 500இல் ஒரு பங்குக்கு எஃப் 5.6 தான் வரும். கண்காட்சிச் சுவரில் எழுதியிருப்பதாலேயே ஓர் எண்ணை நம்பிவிட வேண்டியதில்லை.

கண்காட்சியில் கான்டாக்ட் ஷீட் வைத்திருந்தால், மற்ற படங்களுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை அங்கே செலவிடுங்கள். 36 ஃபிரேம் ஃபிலிமை ஆறு ஆறாக வெட்டி, 8×10 காகிதத்தின்மேல் வரிசையாக வைத்து, பெரிதாக்காமல் அப்படியே பிரிண்ட் போட்டது அது. ஓரத்தில் ஃபிலிமின் பெயரும் ஃபிரேம் எண்ணும் தெரியும். எண்களை வரிசையாகப் படித்தால் எடுத்தவர் எப்போது நகர்ந்தார், எப்போது காத்திருந்தார், புகழ்பெற்ற ஃபிரேமுக்கு முன்னும் பின்னும் எத்தனை வீணாயின என்பதெல்லாம் தெரிந்துவிடும். சிவப்பு மெழுகுப் பென்சிலால் சுற்றியது தேர்வு, குறுக்கே அடித்தது தள்ளுபடி. பல வேளைகளில் தேர்ந்தெடுத்தவர் எடிட்டர், இன்று நாம் கொண்டாடும் ஃபிரேமை அன்று யாரும் சுற்றியிருக்கமாட்டார்கள். பால் மெக்கார்ட்னி தன் பென்டாக்ஸ் கேமராவில் 1963-64இல் எடுத்த படங்களை லண்டன் நேஷனல் போர்ட்ரெயிட் கேலரி 2023இல் காட்சிக்கு வைத்தபோது, அவற்றில் பலவும் அதுவரை நெகட்டிவாகவும் கான்டாக்ட் ஷீட்டாகவும் மட்டுமே இருந்தவை. அவற்றுக்கு விண்டேஜ் பிரிண்ட் என்ற பேச்சே எழாது.

இப்போது அளவு. 35 மிமீ நெகட்டிவின் நீளம் 36 மிமீ. அதை 20 அங்குலத்துக்குப் பெரிதாக்கினால் 14 மடங்கு. ஹாசல்பிளாட் நெகட்டிவ் 56 மிமீ, அதே 20 அங்குலத்துக்கு 9 மடங்குதான். 1600க்கு ஏற்றிக் கழுவிய ட்ரை-எக்ஸை 40 அங்குலத்துக்கு இழுத்தால் பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குக் கடலைப் பருப்பளவு கிரெய்ன் தெரியும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று பார்க்கத்தான் அந்த அளவு. வீட்டில் அவ்வளவு தூரம் கிடைக்காதென்றால் 11×14 அல்லது 16×20 அங்குலமே போதும், படமும் அழகாக இருக்கும். 4000 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 4000 புள்ளியில், ஸ்கேன் செய்தால் 35 மிமீ ஃபிரேமின் நீளவாட்டில் ஏறக்குறைய 5,670 பிக்சல் வரும். அங்குலத்துக்கு 300 என்று போட்டால் 19 அங்குலத்துக்குமேல் உண்மையான விவரம் கிடையாது, மிச்சம் கணினி நிரப்பியது.

‘ஜெலட்டின் சில்வர்’ என்றால் வெள்ளி உப்புத் தடவிய காகிதத்தில் இருட்டறையில் போட்டது. ‘பிக்மென்ட் பிரிண்ட்’, ‘ஜிக்லே’ இரண்டும் இன்க்ஜெட். பின்னதில் தவறொன்றும் இல்லை, நல்ல பருத்திக் காகிதத்தில் நல்ல மையால் போட்டது நெடுங்காலம் நிற்கும். வெள்ளிப் பிரிண்டின் விலையைக் கேட்டால்தான் தவறு. சாய்வாக நின்று பாருங்கள். பழைய வெள்ளிப் பிரிண்டின் கரிய ஓரங்களில் நீலம் கலந்த கண்ணாடி மினுக்கு தெரியலாம். வெள்ளி மேற்பரப்புக்கு வந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். பத்து மடங்கு லென்ஸ் வைக்க அனுமதித்தால் இன்க்ஜெட்டில் நுண்புள்ளிகளும், அச்சடித்த போஸ்டரில் பூப்போன்ற வட்டப் புள்ளி அமைப்பும் தெரியும். வெள்ளிப் பிரிண்டில் ஒழுங்கற்ற கிரெய்ன் மட்டுமே இருக்கும். புற ஊதா விளக்கடித்து ஒளிர்கிறதா என்று பார்க்கும் சோதனையைச் சிலர் பெருமையாகச் சொல்வார்கள். காகிதத்தை வெளுப்பாக்கும் பொருள் 1950களிலேயே வந்துவிட்டது. ஆகவே 1965 பிரிண்டும் ஒளிரும், 1995 பிரிண்டும் ஒளிரும். அறுபதுகளுக்கு அது உதவாத சோதனை. மாறாக, காகிதம் பிளாஸ்டிக் பூச்சுடையதாக இருந்தால் கவனிக்கவேண்டும், கறுப்பு-வெள்ளையில் அது எழுபதுகளில்தான் பரவியது.

‘12/50’ என்றால் ஐம்பதில் பன்னிரண்டாவது. ஆனால் அந்த 50 அந்த அளவுக்கு மட்டும். 11×14இல் 50, 16×20இல் 50, 20×24இல் 25 என்று தனித்தனி எடிஷன் இருக்கலாம், அதற்குமேல் எண்ணிக்கையில் சேராமல் கலைஞர் தனக்கென வைத்துக்கொள்ளும் பிரதிகள் வேறு. மொத்தம் எத்தனை என்று கேளுங்கள். எண் ஏற ஏற விலையும் ஏறுவது இந்த வியாபாரத்தின் வழக்கம், கடைசிப் பிரதி தரத்தில் உயர்ந்தது என்பதால் அல்ல, மிச்சம் குறைவு என்பதால்.

மற்றபடி கேட்கவேண்டியவை: பிரிண்ட் போட்டது யார், எந்த வருடம், அசல் நெகட்டிவிலிருந்தா, பிரிண்டைப் படம்பிடித்து எடுத்த நகல் நெகட்டிவிலிருந்தா? நகல் என்றால் கிரெய்ன் கூர்மையிழந்து நிழல்கள் அடைத்திருக்கும். கையெழுத்து யாருடையது? பாடகர் கையெழுத்து வேறு சந்தை, புகைப்படக்காரர் கையெழுத்து வேறு சந்தை. அவர் இறந்தபின் குடும்பத்தார் போட்டதென்றால் கையெழுத்துக்குப் பதில் எஸ்டேட் முத்திரை (அவர் விட்டுப்போன படைப்புகளைப் பராமரிப்பவர்களின் முத்திரை) இருக்கும், விலை குறைவாக இருக்கவேண்டும். உரிமை யாரிடம் என்பதும் முக்கியம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் முதல் புகைப்படக்காரரான பாரன் வோல்மன் தொடக்கத்தில் சம்பளத்துக்குப் பதில் படங்களின் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டவர். இசைத்தட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வசதி கிடையாது. எதுவானாலும் நீங்கள் வாங்குவது காகிதம்தான். அதை டி-ஷர்ட்டில் போட உங்களுக்கு உரிமை வராது.

வாங்கினால் ஃபிரேம் போடும்போது கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது, ஈரத்தில் ஜெலட்டின் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. இடையில் அமிலமில்லாத மவுன்ட் அட்டை வையுங்கள். செல்லோ டேப், ஃபெவிகால் இரண்டும் வேண்டாம். மூலைகளில் காகித உறை செருகினால் போதும். அருங்காட்சியகத்தில் வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸ் அளவில்தான் விளக்கு வைப்பார்கள், அந்த மங்கல் வெளிச்சம் அழகுக்காக அல்ல. வீட்டில் ஜன்னலுக்கு எதிர்ச் சுவரைத் தவிர்த்துவிடுங்கள். சென்னை, கொழும்பு போன்ற கடலோர ஊர் என்றால் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டி நீடிக்கும்போது ஜெலட்டினில் பூஞ்சை பிடிக்கும். மழை நனையும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டி, ஃபிரேமின் கீழ்மூலைகள் இரண்டிலும் 5 மிமீ ரப்பர் துண்டு ஒட்டிப் பின்னால் காற்றோட்டம் விடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.